கஞ்சி ஊற்றாத கை

“யக்கா, இன்னிக்காவது இந்த சிரிஞ்சைக் கையில புடிங்க. அடுத்த வாரம் ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. அங்க யாரு குழாயில கஞ்சி ஊத்துவா?”

நர்ஸ் சிஃபா நீட்டியதும் கங்கம்மாள் வெடுக்கென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“நீயே ஊத்திடு கண்ணு.”

கட்டிலில் அவள் தம்பி கணேசன். கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தலையில் பலத்த அடி. திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்ததிலிருந்து நினைவில்லை. மூக்கில் சொருகிய குழாய் வழியாகத்தான் சாப்பாடு. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் இந்த அக்காதான் என்று பழவேற்காட்டிலிருந்து பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். வளர்த்தவள் செய்கிற காரியமா இது என்று சிஃபாவுக்கு எரிச்சலாக வந்தது.

அடக்கிக்கொண்டு, ஒரு பாக்கெட்டைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்தாள்.

“ஊசி மருந்து போட்டுப் போட்டு வயித்துல இருக்குற நல்ல கிருமியும் செத்துப்போச்சு. அதான் பேதி நிக்கல. இந்தப் பொடியில நல்ல கிருமி இருக்கு.”

“ஐயய்யோ, கிருமியைப் போயி உள்ள உடுறியே!”

“தயிர்ல இருக்குற மாதிரிதான்க்கா. இதுவும் கஞ்சியும் வேளாவேளைக்குப் போனாத்தான் ஆளு தேறுவாரு. இல்லேன்னா மிஞ்ச மாட்டாரு.”

கங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பக்கத்து ஊட்டுப் பொண்ணு வரேன்னிருக்கு. அதுக்குக் கத்துக்குடு.”

அதற்குள் கணேசனுக்கு மறுபடியும் பேதி. கங்கம்மாள் முகம் சுளிக்கவில்லை. வெறுங்கையால் வழித்து, துடைத்து, துணி மாற்றி, கை கழுவி வந்து அவன் கன்னத்தை வருடினாள். அதைப் பார்த்ததும்தான் சிஃபாவுக்குப் பொறுமை போயிற்று.

“பீயை அள்ளத் தெரியுது, கஞ்சி ஊத்த மட்டும் கை கூசுதா? பட்டினி கெடந்து போய்ச் சேரட்டும்னு பாக்குறீங்களா?”

நாக்குக்குத்தான் நரம்பில்லையே! சொன்ன கையோடு சிஃபாவுக்கு உறைத்துவிட்டது. “தப்பா எடுத்துக்காதீங்கக்கா” என்றாள். கொட்டிய வார்த்தையை அள்ளவா முடியும்?

கங்கம்மாள் கோபிக்கவில்லை. தம்பியின் தையல் போட்ட தலையைப் பார்த்தபடி சொன்னாள்.

“எங்கப்பன் வச்சிட்டுப் போன வலைய வித்துட்டு, கம்பெனிக்குப் போறேன்னு வந்து நின்னான். ஆத்திரத்துல, ‘இனிமே என் கையால உனக்கு சோறு போட மாட்டேன்டா’ன்னு இவன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டேன். விடிஞ்சதும் மனசு கேக்கல, எறா தொக்கு வச்சு சோறு கட்டிக் குடுத்தனுப்பினேன். மத்தியானம் அந்தச் சோத்தத் துன்னுட்டு எழுந்தவன் தலையிலதான் கண்ணு, கம்பி உழுந்துச்சு.”