முதலில் ஆட்டோவைப் பாருங்க

"மொதல்ல ஆட்டோ எங்க இருக்குன்னு பாரு. அவசரப்பட்டு எங்கிட்டாச்சும் குத்திராத. ஆட்டோவக் கண்டுபிடிச்சிட்டேன்னா பாதி வேலை முடிஞ்சுது."

வேப்பமரத்தடியில், நூறுநாள் வேலைக்கு வந்த பெண்கள் தூக்குவாளியை மூடிவிட்டுப் பாண்டியம்மாளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் கையில் ஒரு ரோஸ் காகிதம். பஞ்சாயத்துத் தலைவருக்கான ஓட்டுச் சீட்டு அந்த நிறத்தில்தான் வரும்.

விருமாண்டி பைக்கைத் தூரத்திலேயே நிறுத்தினான். தலைவருக்கு நிற்பவன் அவன்தான். ஆட்டோ அவனுடைய சின்னம். பாண்டியம்மாள் அவன் பெண்டாட்டி.

"பாத்தியா மாப்ள ஒங்க அக்காவ? எம்புட்டுச் சண்டை போட்டா!" என்றான், பின்னால் உட்கார்ந்திருந்த மச்சினன் முத்துப்பாண்டியிடம்.

சண்டை போட்டது உண்மைதான். "நீங்க நில்லுங்கண்ணே, செலவு பூரா நான் பாத்துக்கறேன்" என்று கருத்தக்கண்ணன் வந்து சொல்லிவிட்டுப் போன அன்றைக்கு வீடு ரெண்டுபட்டது. கருத்தக்கண்ணனுக்கு மண் லாரிகள் ஓடுகின்றன. ஊர்க் கண்மாய் மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுகுது. ஒங்களுக்குத் தெரியலையா? நாளைக்கு மண்ணள்ளக் கையெழுத்துக் கேட்டா என்ன செய்வீக?"

"செலவழிச்சவன் கேட்டா போட்டுத்தானே ஆகணும்? ஒரு ஓரமா அள்ளிட்டுப் போறான், விடு."

"ஓரமாவா! பக்கத்தூர்ல அப்பிடித்தான் அள்ளுனாங்ய. இப்ப மடை மேல நிக்குது, தண்ணி பள்ளத்துல கெடக்குது. நம்ம வயலுக்கு என்னத்தப் பாச்சுவீக, ஒங்க போஸ்டரையா?"

"பொம்பளைக்கு அரசியல் புரியாது" என்று அவன் பேச்சை முடித்துவிட்டான்.

அதன்பிறகு அவள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையிலேயே கிளம்பி, ஊருக்கு வாக்கப்பட்டு வந்தும் அப்பன் வீட்டு ஊரிலேயே பெயரை வைத்திருந்த மருமகள்களை எல்லாம் திரட்டினாள். பெயர் சேர்க்கும் முகாமுக்குப் போக ஒரு மாமியார் முகத்தைச் சுளித்தபோது, "ஒங்க மருமக இந்த ஊருத் தண்ணியத்தானே குடிக்கிறா? ஓட்டும் இங்கதான் இருக்கணும்" என்று சொல்லி அஸ்வினியைக் கையோடு கூட்டிப் போனாள். பெண்டாட்டி வழிக்கு வந்துவிட்டாள் என்று விருமாண்டிக்குத் தலைகால் புரியவில்லை.

எதிர்த்து நின்றவர்களில் சொல்லும்படியான ஆள் முனியாயி ஒருத்திதான். போன கோடையில் கண்மாய்க்குள் இறங்கிய லாரிக்கு முன்னால் மண்வெட்டியோடு உட்கார்ந்தவள். ஆனால் நல்லவளாக இருந்தால் போதுமா? ஒரு போஸ்டர் ஒட்ட அவளுக்கு வழியில்லை. கிடைத்த சின்னமோ ஸ்பேனர். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியா, சாவியா என்று ஊரே குழம்பியது.

விருமாண்டிக்கு அந்தக் கவலையே இல்லை. டவுனில் அச்சடித்த போஸ்டரில் ஆட்டோ, கரண்டுக் கம்பத்திலிருந்து மாட்டுக் கொட்டகை வரை சிரித்தது. எழுத்து தெரியாதவர்களுக்கும் ஆட்டோ தெரியும்.

மரத்தடியில் அஸ்வினி கேட்டாள்: "யக்கா, யாருக்குப் போட்டோம்னு வெளிய தெரிஞ்சிருமா?"

"ஓட்டுக் குத்துற மறைப்புக்குள்ள போயிட்டா நீயும் சீட்டும்தான். கட்டுனவனுக்கே தெரியாது. குத்துன மை வேற கட்டத்துல ஒட்டாம, மொதல்ல நெடுக்க மடி, அப்பறம் குறுக்க மடி."

அப்போதுதான் ஒருத்தி விருமாண்டியைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். பேச்சு சட்டென்று நின்றது. பாண்டியம்மாள் குரலை உயர்த்தினாள்.

"என்னாத்தா வாயடைச்சுப் போயிட்டீக? சொல்லுங்க, மொதல்ல என்னத்தப் பாக்கணும்?"

"ஆட்டோ!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

விருமாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கிருந்தே எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டான். "ஜெயிச்சா மொத மாலை ஒங்க அக்காவுக்குத்தான் மாப்ள. எங்குலசாமிடா அவ!"

ஓட்டு எண்ணுகிற அன்றைக்கு மாலையை வாங்கி முத்துப்பாண்டியின் கையில் கொடுத்து வைத்திருந்தான். பெட்டியைப் பிரித்து எண்ணிய அதிகாரி, இந்த ஊரில் செல்லாத ஓட்டு ஒன்றுகூட இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். அப்புறம் முடிவைச் சொன்னார்.

முனியாயி ஜெயித்துவிட்டாள்.

கருத்தக்கண்ணன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறிப் போய்விட்டான். விருமாண்டி வெளியே வந்து, வாசலில் நின்ற பாண்டியம்மாளுக்கு முன்னால் தொப்பென்று உட்கார்ந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது.

"எங்க தப்புச்சு பாண்டியம்மா? ஒவ்வொருத்திக்கும் நீதானே சொல்லிக்குடுத்த? அவளுகளுக்கு ஆட்டோ தெரியலையா?"

"ஆட்டோ நல்லாத் தெரிஞ்சுச்சு. முனியாயி சின்னத்தத்தான் ஒருத்திக்கும் அடையாளம் தெரியல." அவள் தம்பி கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டு, முனியாயி நின்ற பக்கமாகத் திரும்பினாள்.

"அதான், மொதல்ல ஆட்டோவக் கண்டுபிடிங்க, அதுக்கு ஒரு கட்டம் மேல குத்துங்கன்னு சொல்லிக்குடுத்தேன்."