ஆற்றில் ஒரு காவல்

சுங்காய் ஆற்றங்கரையில் வெயில் ஏறுகிறது. ஆடியில் கல்யாணங்கள் கிடையாது, பெற்றோர் ஓய்வாக இருப்பார்கள் என்றுதான் இளையோர் மன்றச் செயலாளர் கலாதேவி ஆண்டுதோறும் இந்த மாதத்தில் முகாம் வைக்கிறாள். பிள்ளைகள் ஆற்றில் குளிக்கும்போது காவலுக்கு வருவதாக வாட்ஸ்அப்பில் சொன்ன பெற்றோரில் ஒருவரையும் காணோம். "எறங்கலாமா அக்கா?" என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று அவள் சொல்ல வாயெடுக்கும்போது துளசி வருகிறாள்; போன ஆடி முகாமில் இதே ஆறு இழுத்துக்கொண்ட பவித்ரனின் அம்மா. "இன்னைக்கு அவன் திதிலா. அவன் அப்பா கோயில்ல திதி கொடுக்கிறாரு. போன வருசம் மாதிரியே இங்க காவலுக்கு யாரும் வரமாட்டாங்கன்னு தெரியும், அதான் வந்தேன்." தேதி குறித்தபோது கலாதேவிக்கு அது நினைவுக்கு வரவில்லை. துளசி சேலையைச் செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்று, கரையைப் பார்த்துக் கைகளை விரிக்கிறாள். "வாங்க, நான் பார்த்துக்கிறேன்." ஒரு பிள்ளையும் அசையவில்லை.