கண்ணாடிக் கடை ரசீது

“இருபது வருஷமா சாரத்துல நின்னு பெயிண்ட் அடிச்சவருக்குக் கால் வழுக்குமா? அவராத்தான் குதிச்சிருக்காரு,” என்றார் இன்சூரன்ஸ் வக்கீல்.

பெயிண்டரின் மனைவி கோர்ட்டில் கூண்டுக்குள் நின்றிருந்தாள். அவளுடைய வக்கீல் நீதிபதியிடம் ஒரு ரசீதை நீட்டினார்.

“அன்னிக்குக் காலையிலதான் மூக்குக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்திருக்காரு. சாகப் போறவருக்குக் கண்ணாடி எதுக்குங்க ஐயா?”

விபத்துதான் என்று தீர்ப்பானது. எழுத்தெல்லாம் மங்கலாய்த் தெரிந்த தாளில், வக்கீல் விரல் வைத்த இடத்தில் கையெழுத்திட்டாள்.

ரசீதைத் திரும்ப வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

“வருஷமாச்சேம்மா!” கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து அவள் முகத்திலேயே மாட்டிவிட்டார். கச்சிதமாகப் பொருந்தியது.

“இது... அவரோடது இல்லையா?”

“உங்க பழைய கண் டாக்டர் சீட்டைக் காட்டித்தானே செய்யச் சொன்னாரு! ‘இனிமே அவளேதான் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும்’னாரு.”