ஏழு வாரமும் ஒரே பிரசங்கம்

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஏழு வாரமா அதே பிரசங்கம். என் கடையில ஏழு வாரம் ஒரே துணியை விரிச்சா, எட்டாவது வாரம் ஈகூட எட்டிப் பார்க்காது!"

ஜவுளிக்கடைக்காரர் சிரித்தபடிதான் சொன்னார். விலை போகாத சரக்கையும் சிரித்தே தள்ளிவிடுகிற வாய் என்பதால்தான் சபைக் கமிட்டி அவரைத் தூது அனுப்பியிருந்தது. போதகரை ஓய்வெடுக்கச் சொல்லும் கடிதம் சட்டைப்பையில் உறுத்தியது.

"எதைப் பத்திப் பேசினேன், சொல்லுங்க?" என்றார் போதகர்.

"மனசைப் பத்தி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். வேதத்துல மனசுன்னா வெறும் மூளை இல்ல. ஒருத்தரை அறிஞ்சு, நேசிச்சு, உள்ள உட்கார வைக்கிற இடம். மனுஷன் மறந்தாலும் ஆண்டவர் மறக்க மாட்டார். நடுவுல, மோதிரத்தை வீட்டுல மறந்துட்டு ஆலயத்துக்கு வந்து நின்ன மாப்பிள்ளை கதை. சரியா?"

"ஒரு வரி விடல."

"அந்தக் கதைக்கு இப்ப யாரும் சிரிக்கிறதில்ல. முன்வரிசையில உங்க வீட்டு அம்மா மட்டும்தான் முதல் தடவை கேக்கிற மாதிரி விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. புருஷனை எந்த இடத்துலயும் விட்டுக்கொடுக்க மாட்டாங்க!"

போதகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாவம், மனிதருக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று நினைத்த கடைக்காரர், கடிதத்தை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

போதகர் படித்தார். "இன்னும் பத்து வாரம் குடுங்க."

"ரெண்டு."

"எட்டு."

"என்கிட்டயே பேரமா? மூணு. அதுவும் வேற பிரசங்கமா இருந்தா."

"மூணே போதும்." போதகர் கடிதத்தை மடித்து வைத்தார். "ஆனா இதே பிரசங்கம்தான்."

இப்படிப் பேரம் பேசுகிறவரைக் கடைக்காரர் தன் ஆயுளில் கண்டதில்லை.

உள்ளேயிருந்து போதகரின் மனைவி தேநீரோடு வந்தார். ஒரு கோப்பையைக் கடைக்காரரிடம் கொடுத்தார். மற்றதைக் கணவரிடம் நீட்டும்போது கூச்சத்தோடு சற்றுத் தள்ளியே நின்றார்.

"குடிங்க சார். எங்க வீட்டுக்காரரைப் பார்க்கத்தானே வந்தீங்க? அவரு ஞாயித்துக்கிழமைதான் வருவாரு. எங்க கல்யாணத்துக்கு மோதிரத்தை மறந்துட்டு வந்த கதையைச் சொல்லுவாரு பாருங்க... சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுடும்!"