இரண்டு மணி நேர வேலை

ஏரிக்கரையில் இருந்த சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் தட்டைக் கூரையில் மழைநீர் குளமாகத் தேங்கியிருந்தது. அதைத் தள்ளிவிட்டு, பலகைகளுக்கு அடியில் ஆப்பு வைத்துச் சாய்வு ஏற்றிக்கொண்டிருந்தார் தாவெத்தி.

பக்கத்து வீட்டு உர்ஹோ மீன் பிடித்துவிட்டுப் படகிலிருந்து இறங்கினார்.

“என்னய்யா, ‘தலைல சொட்டுது’ன்னு ஹில்யா ரெண்டு வருஷமா கத்தினா. இன்னிக்குத்தான் காது கேட்டுச்சா?”

“ஆமா.”

“சனிக்கிழமைதானே குளியல்? இன்னிக்குச் செவ்வாய். என்ன அவசரம்?”

“இன்னிக்கே அவ குளிச்சாகணும்.”

“பொண்டாட்டின்னா அவ்வளவு பயம்!” உர்ஹோ சிரித்தார். “சரி, நீ ஆணி அடி. நான் அடுப்பை மூட்டறேன்.”

“வேண்டாம். இன்னிக்குச் சூடு கூடாது.”

உர்ஹோவின் சிரிப்பு நின்றது. அந்த ஊரில் பிள்ளை பெறுவதும் சவுனாவில்தான்; இறந்தவரைக் கடைசியாகக் கழுவுவதும் அங்கேதான். அதற்கு மட்டும் அடுப்பு மூட்ட மாட்டார்கள்.

தொப்பியைக் கழற்றினார். “எப்போ?”

“விடியக்காலைல.”

கடைசி ஆணியை அடித்த தாவெத்தி, ஒரு வாளித் தண்ணீரைக் கூரையில் ஊற்றினார். அது நிற்காமல் ஏரிப்பக்கம் வழிந்தோடியது.

“உள்ள போய், அவ உக்கார்ற இடத்துல பாரு.”

உர்ஹோ உள்ளே போய்ப் பார்த்தார். “சொட்டலைய்யா.”

“ரெண்டே மணி நேர வேலை, உர்ஹோ” என்றார் தாவெத்தி.