ஹால் விளக்கின் மஞ்சள்

பிரிண்டர் என் கணவரின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுகிறது. சுவரில் மாட்டப்போகும் படம். இது மூன்றாவது தாள். மை காயாத பளபளப்புத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன். கண்ணின் வெள்ளை பீங்கான் மாதிரி மின்னுகிறது. "இது அவர் கண்ணே இல்லடி. ஃபோன்ல இப்படி இல்லையே." "மை அடைச்சிருக்கும்மா," என்று மகள் கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். "அப்ப சோதிச்சுக் காட்டு." அவள் முனகிக்கொண்டே சோதனைத் தாளை அச்சிடுகிறாள். கறுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று எந்தக் கோடும் ஓர் இடத்தில்கூட விட்டுப்போகவில்லை. "மை நல்லாத்தானே இருக்கு. உங்கப்பாவுக்கு மேக்கப் போட்டுவிட்டியா?" அவள் மவுஸை வெறுமனே உருட்டுகிறாள். "கண்ணுல கொஞ்சம் மஞ்சள் தெரிஞ்சுது, எடுத்துட்டேன். விடேன்மா." "அது ஹால் லைட்டுடி. நீ வீடு மாறின அன்னிக்கு எல்லார் மேலயும் மஞ்சளாத்தான் அடிச்சுது. எடுத்தபடியே போடு." அந்தப் படம் எடுத்து மூன்று மாதம் கழித்துத்தான் மருத்துவர் அவருடைய கல்லீரலைப் பற்றிச் சொன்னார், அதற்குள் காலம் கடந்திருந்தது. மகள் ஃபோனில் எடுத்த படத்தையே திறந்து, புதுத் தாளை வைத்துவிட்டு, பொத்தானை அழுத்தாமல் என்னையே பார்க்கிறாள். நானே அழுத்துகிறேன். நெற்றி வருகிறது, புருவம் வருகிறது, மஞ்சள் ஏறிய கண்கள் வருகின்றன. நான் இன்னும் குனிந்து பார்க்கிறேன். அவர் போட்டிருக்கும் சட்டை வெள்ளைவெளேரென்று வருகிறது.