பட்டைப் பொட்டலம்

லெப்பைக்குடிக்காட்டில் ரஷீதான்னு ஒரு மாமியாராம், மர்வான்னு ஒரு மருமகளாம். ரெண்டு பேருக்கும் இடையில் ஒரு வீங்கின உதடாம்.

ஒன்றரை வருஷமாக வீங்கிக் கிடந்த மர்வாவின் உதடு. திருச்சி டாக்டர் உதட்டிலேயே ஊசி போட்டு, போன மாதம்தான் வடிந்திருந்தது. "மசாலாப் பட்டை மட்டும் வாயில படக்கூடாதும்மா, மறுபடி வீங்கிரும்" என்று அவர் சொன்னபோது மாமியும் பக்கத்தில்தான் இருந்தார்.

வெள்ளிக்கிழமை துபாயிலிருந்து புருஷன் இலியாஸ் வருகிறான். கல்யாணமான மூணாம் மாதமே போனவன். இந்த உதட்டை அவன் பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது என்பதுதான் மர்வாவின் கவலை.

அன்றைக்கு நாத்தனார் சமீராவின் பிள்ளைக்குப் பேர் வைக்கிற விருந்து. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற சஹன் வரிசையாக வைத்தாகிவிட்டது. மர்வா அடுப்படியில் தயிர்ச்சோற்றோடு ஒதுங்கியிருந்தாள்.

"ஏ புள்ள, அங்க என்ன பண்ற? சஹன்ல வந்து உக்காரு."

"மாமி... டாக்டரு..."

"நாலு பேரு பாக்குறாங்க. உக்காந்து தின்னு."

எதிர்வீட்டு பாத்துமுத்து சிரித்தாள். "வந்துட்டியா? ஒதட்டுல ஒட்டுவாரொட்டி நோவுன்னுல்ல நெனச்சேன்!"

மாமி பிரியாணியை மர்வா பக்கம் தள்ளினார். மர்வா வேறு வழியில்லாமல் தின்றாள். பெத்தவளாக இருந்தால் இப்படித் திங்க வைப்பாளா?

பாத்துமுத்து முகம் சுளித்தாள். "ஏன் ரஷீதா, இது பிரியாணியா, நெய்ச்சோறா? வாசமே காணோம். துபாய்க் காசு வந்தும் மசாலாவுல கஞ்சமா?"

மாமி எழுந்து அடுத்த சஹனைக் கவனிக்கப் போனார்.

மர்வா சில்வர் டம்ளரில் உதட்டைப் பார்த்தாள். சாயங்கால அஸர் பாங்கு சொல்லும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்ப வீங்குமோ, இன்னும் கொஞ்ச நேரத்தில் வீங்குமோ?

கொல்லைப்பக்கம் சமையல்கார மதார், மாமியை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிட்டுப் பேசும் குரல் கேட்டது. கதவோரம் நின்றாள்.

"இந்தாங்க லாத்தா, நீங்க சொன்னபடி பட்டைப் பொட்டலத்தப் பிரிக்கவே இல்ல. முப்பது வருஷமா கரண்டி புடிக்கிறேன், இன்னிக்கு என் பேரே போச்சு. அந்தப் புள்ளைக்கு மட்டும் தனியா ஒரு சட்டி ஆக்கியிருந்தா என்னவாம்?"

"தனிச் சட்டி வச்சா, இவளுவ தனிச் சஹன் வைப்பாளுவ மதாரு. அப்புறம் எந்தச் சஹன்லயும் அவளச் சேக்க மாட்டாளுவ."

"அதுகிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னா அவ மூஞ்சியே காட்டிக்குடுத்துரும்."



"சரி லாத்தா. ஊர்ல கேட்டா, நாந்தான் போட மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன்" என்றபடி கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்.